ஆகஸ்டில் கூட்டமில்லாத மலைக் கிராமம்: எந்த நாட்டுக்குப் போவது?

கேள்வி, மார்ச் 2

ஆகஸ்டில் பத்து நாள் கிடைத்திருக்கிறது. நான், கணவர், எழுபது வயது அம்மா. மலை, புல்வெளி, ஓடை, காலையில் பறவைச் சத்தம், இவ்வளவுதான் வேண்டும். போன முறை பிரபலமான ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போய், ஒரு படம் எடுக்க வரிசையில் நின்றோம். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அம்மா கேட்டார். அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. ஆஸ்திரியாவா, சுவிட்சர்லாந்தா, ஜப்பானா? எது கூட்டமில்லாத நாடு?

மார்ச் 2, இரவு

கூட்டமில்லாத நாடு என்று ஒன்று கிடையாது. ஒரே ஏரியின் இரண்டு கரைகளிலேயே நிலைமை தலைகீழாக இருக்கும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு, உச்ச நாட்களில் வந்து போகிறவர்களோ 10,000 பேர் வரை. 2020 முதல் சுற்றுலா பஸ்கள் முன்பதிவு செய்துதான் உள்ளே வர முடியும், அப்படியும் தாங்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஊர்க்காரர்களே சாலையை மறித்துப் போராடினார்கள்.

நான் முதலில் போனது ஒரு ஜூலை மாதம், காலை 11 மணிக்கு. ஏரியை விட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஒரு மணிக்குள் கிளம்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே ஏரியின் தென்கிழக்கு முனையில் இருக்கும் ஓபர்ட்ரவுனில் மூன்று இரவு தங்கினேன். ரயிலில் ஹால்ஸ்டாட்டுக்கு அடுத்த நிலையம்தான். அதே மலை, அதே தண்ணீர், கரையில் புல்தரை, நீந்துகிற உள்ளூர்ப் பிள்ளைகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சைக்கிளில் ஹால்ஸ்டாட் பக்கம் போனேன். பஸ்களெல்லாம் போயிருந்தன. ஒரு பாட்டி ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பகலில் அந்த ஜன்னலைத் திறக்கவே மாட்டாராம்.

ஆகவே என் பதில்: பேர்பெற்ற ஊரில் தங்காதீர்கள், பக்கத்து ஊரில் தங்குங்கள். பகல்நேரக் கூட்டம் காலை பத்திலிருந்து மாலை நாலு, ஐந்து வரைதான்.

மார்ச் 3

படுத்த பிறகு யோசித்தேன். நேற்று எழுதியது எனக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. கூட்டத்தை மணிக்கணக்கு பார்த்து ஏமாற்றுகிற வித்தை தனியாகப் போகிறவருக்கு எளிது. எழுபது வயது அம்மாவை "நாலு மணி வரை அறையிலேயே இருங்கள், அப்புறம் வெளியே போகலாம்" என்று சொல்வீர்களா? எழுந்ததும் கதவைத் திறந்து வெளியே நடக்க முடிகிற இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று, ஆகஸ்ட். ஐரோப்பாவில் பெரும்பாலும் பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் 15 மாதா திருநாள், பல நாடுகளில் பொது விடுமுறை. இத்தாலியில் அந்த வாரத்தில் நகரமே காலியாகி மலைக்கும் கடலுக்கும் வந்துவிடும். வெளிநாட்டுப் பயணிகள் பேர்கூடக் கேள்விப்படாத ஊரில் உள்நாட்டுக் குடும்பங்கள் நிரம்பியிருப்பார்கள். இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சின்ன மலையூரைப் பற்றி இணையத்தில் இருந்த கருத்துகள் எல்லாமே அந்த நாட்டு மொழியில் இருந்தன. அப்படியென்றால் வெளியார் வராத இடம் என்று மகிழ்ந்து பதிவு செய்தேன். போய்ப் பார்த்தால் அந்த நாட்டில் பாதிப் பேருக்கு அது சின்ன வயதிலிருந்து வந்து போகிற கோடைக்கால ஊர். வெளிநாட்டவர் இல்லாத இடம் வேறு, கூட்டமில்லாத இடம் வேறு.

செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்குத் தள்ள முடியுமா? ஆல்ப்ஸ் மலையில் அதைவிட நல்ல சமயம் எனக்குத் தெரிந்து இல்லை. மலை விடுதிகள் திறந்திருக்கும், பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்குப் போயிருப்பார்கள். மாதக் கடைசிவரை தள்ள முடிந்தால் மாடுகளை மேல் மேய்ச்சலிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதையும் பார்க்கலாம்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

கணவருக்கு ஆகஸ்டில்தான் விடுப்பு என்கிறீர்கள். சரி, ஆகஸ்ட்தான். அதை வைத்தே யோசிப்போம்.

மார்ச் 5

இரண்டு நாளாக வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் நன்றாக அனுபவித்த பயணங்களையும் ஏமாந்த பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. கூட்டம் ஒரு வட்டாரம் முழுக்கப் பரவுவதில்லை, ஒரு புள்ளியில் போய் நிற்கிறது. ஒரு பாலம், ஒரு தேவாலயக் கோபுரம், ஏரிக்குள் நீளும் ஒரு மரமேடை. சுவிட்சர்லாந்தில் பிரீன்ஸ் ஏரிக்கரையில் ஈசல்ட்வால்ட் என்று ஒரு குட்டி ஊர். ஒரு தொலைக்காட்சித் தொடரில் அதன் படகுத்துறை வந்தது. அவ்வளவுதான், அந்த ஒரு மேடையில் ஏறக் கதவு போட்டு 5 ஃபிராங்க் வாங்குகிற நிலை 2023-இல் வந்துவிட்டது. அதே ஏரிக்கரையில் நடைபாதை மைல்கணக்கில் நீள்கிறது, அங்கே வரிசை எதுவும் இல்லை.

ஆகவே அழகு முழு நிலத்திலும் பரவியிருந்து, "இங்கே நின்றால்தான் தெரியும்" என்கிற ஒற்றை இடம் இல்லாத ஊராகத் தேடுங்கள். சரிவில் புல், இடையிடையே வீடுகள், மேலே காடு, கீழே ஆறு. படத்தில் இது சாதாரணமாகத் தெரியும். அதனால்தான் யாரும் வருவதில்லை. நேரில் பத்து நாள் பார்த்தாலும் அலுக்காது.

வரைபடத்தில் நான் பார்ப்பது இதைத்தான். செயற்கைக்கோள் படத்தில் ஊர் எல்லையில் பெரிய வாகன நிறுத்தம் தெரிகிறதா, அதில் பஸ் நீளத்துக்குக் கோடு போட்ட கட்டங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அடுத்த ஊர். கேபிள் கார் இருக்கிறதா? இருந்தால் கீழ் நிலையத்தை ஒட்டித் தங்கக்கூடாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்கிற இணைய வரைபடத்தில் மெல்லிய புள்ளிக்கோடுகளாக நடைபாதைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றனவா? அதுதான் நல்ல அறிகுறி. ஒரே ஒரு தடித்த பாதை நேராக அருவிக்குப் போனால் எல்லாரும் அதில்தான் போவார்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்லோவேனியாவின் சோல்சாவா வட்டாரம். ப்ளெட் ஏரியைச் சொல்லவில்லை, அங்கே ஆகஸ்டில் கூட்டத்தில் கால் வைக்க முடியாது. சோல்சாவா வடக்கே, ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. லோகார் பள்ளத்தாக்கு 1987 முதல் பாதுகாக்கப்பட்ட நிலம். பனியாறு அரித்துச் செய்த தொட்டி மாதிரி சுமார் ஏழு கிலோமீட்டர் நீளம், முடிவில் 90 மீட்டர் உயர ரின்கா அருவி. இருங்கள், அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்த அருவிதான் அங்கே "புள்ளி". பக்கத்திலேயே ரோபான், மாட்கோவ் என்று இன்னும் இரண்டு பள்ளத்தாக்குகள், அதே பனியாற்றுக் காலத்துப் பிள்ளைகள். மேலே சரிவில் தனித்தனிப் பண்ணைகளைத் தொட்டுக்கொண்டு ஒரு சாலை போகிறது. நான் தங்கியது அந்தச் சரிவில் ஒரு பண்ணை வீட்டில்.

ஸ்லோவேனியாவில் விருந்தினரை ஏற்கும் பண்ணைகளுக்கு நட்சத்திரத்துக்குப் பதில் ஆப்பிளால் தரம் போடுகிறார்கள். எத்தனை ஆப்பிள் என்று பார்க்காதீர்கள், அங்கே இன்னும் மாடு இருக்கிறதா என்று பாருங்கள். மாடு இருந்தால் புல் வேண்டும், புல் இருந்தால் அறுப்பார்கள், அறுத்தால்தான் அந்தச் சரிவு பச்சையாக இருக்கும். நாம் பார்க்கப் போகிற அழகு அந்த வீட்டுக்காரரின் தினசரி வேலை. கைவிட்ட புல்வெளி சில வருடத்தில் புதர் மண்டிவிடும்.

அங்கே கோசோலெட்ஸ் என்று ஒன்று உண்டு, புல் உலர்த்தும் சட்டம். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் தூண்கள், குறுக்கே நீளமான கழிகள் ஏணிப்படி போல அடுக்கடுக்காக, மேலே ஒடுங்கிய கூரை. அறுத்த புல்லைக் கழிகளின் மேல் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுவார்கள். மழை வந்தாலும் கூரை காக்கும், காற்று ஊடே போய் உலர்த்தும். வீட்டுக்காரம்மா ஒரு நாள் என் கையில் ஒரு வாரியைக் கொடுத்தார். நீளக் கைப்பிடி, பற்கள் முதல் எல்லாமே மரம். ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் தட்டி எடுத்துப் புதுசு செருகிக்கொள்ளலாம். சரிவில் மேலிருந்து கீழாக வார வேண்டும், நான் கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டிருந்தேன். என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டுப் போனார். பொதுமொழி இல்லாமலே பாடம் முடிந்தது.

மார்ச் 6

அமைதி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. கிராமப்புறம் சத்தமில்லாத இடம் இல்லை. மாட்டுக் கழுத்து மணி இரவெல்லாம் கேட்கும். பல ஊர்களில் தேவாலய மணி கால்மணிக்கு ஒரு தரம் அடிக்கும். விடியற்காலையில் டிராக்டர். பிரான்சில் விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று வழக்கே போட்டார்கள். ஓலெரோன் தீவு, சேவலின் பெயர் மொரீஸ், 2019-இல் தீர்ப்பு சேவலுக்குச் சாதகமாக வந்தது. கிராமத்துச் சத்தமும் வாசனையும் நாட்டின் மரபுச் சொத்து என்று 2021 ஜனவரியில் சட்டமே போட்டுவிட்டார்கள். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும்.

அம்மாவுக்குத் தூக்கம் மெல்லியது என்றால் தேவாலயத்திலிருந்து 300 மீட்டராவது தள்ளி வீடு பாருங்கள்.

மார்ச் 9

கார் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நேற்றுவரை "கட்டாயம் வேண்டும்" என்றுதான் எழுத இருந்தேன். சோல்சாவாவுக்கு அதுதான் பதில். லூப்லியானாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்போல ஆகும், பஸ் மிகக் குறைவு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம் என்று இரண்டு வகை இருக்கிறது, போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஜப்பான் 1949 வகையை மட்டும்தான் ஏற்கும்.

ஆனால் மலைச்சாலையில் ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்ப்பார், மலையைப் பார்க்க மாட்டார். எங்கள் பயணங்களில் பாதி ஊர்களை நான் பின்னால் வந்த வண்டி என் கண்ணாடியில் அடித்த வெளிச்சமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். உங்கள் கணவர் பத்து நாளும் ஓட்டினால் அவருக்கு விடுமுறை எங்கே?

கார் இல்லாமல் போவதென்றால் சுவிட்சர்லாந்து. முதலில் அதைத் தள்ளி வைத்திருந்தேன், லாவுட்டர்ப்ரூனன் மாதிரி கூட்டம் மொய்க்கிற இடங்களின் நினைப்பில். அது அவசர முடிவு. தென்கிழக்கு மூலையில் ப்ரெகாக்லியா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, இத்தாலிய மொழி பேசுகிற பகுதி. சாங்க்ட் மோரிட்ஸ் வரை ரயில், அங்கிருந்து தபால் துறை ஓட்டுகிற மஞ்சள் பயணிகள் பஸ். 1,815 மீட்டர் உயர மலோயா கணவாய்வரை ஏரிகளை ஒட்டி அலுங்காமல் போகும். அப்புறம் தரை சட்டென்று விழும், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும். மேலே ஊசியிலை மரம், கீழே போகப் போகக் கஷ்கொட்டை மரம். ஒரு மணி நேரத்தில் வேறு நாட்டுக்கு வந்தது மாதிரி இருக்கும். பஸ் மாறி சோல்யோ கிராமத்துக்கு ஏற வேண்டும், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை மாதிரி. கல் கூரை வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், எதிர்ப்பக்கம் ஷோரா சிகரங்கள் பற்களைப் போல. ஓவியர் ஜொவான்னி செகன்தீனி குளிர்காலங்களில் அங்கே வந்து தங்கினார். சிற்பி அல்பெர்தோ ஜாகொமெத்தி 1901-இல் பிறந்ததும் அந்தப் பள்ளத்தாக்கில்தான், அவருக்குக் கல்லறையும் அங்கேதான்.

கீழே காஸ்தசெக்னாவில் கஷ்கொட்டைத் தோப்பு. வயதான மரங்கள், அடிமரம் உள்ளே கூடாகி ஒரு குழந்தை நிற்கலாம்போல இருக்கும், மேலே இலை தளதளவென்று. ஆகஸ்டில் காய் பச்சை முள் உருண்டையாகத் தொங்கும். கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டு நான் குத்துப் பட்டேன், குண்டூசிப் பொட்டலத்தை அமுக்கியது போல. மரங்களுக்கிடையே பழம் உலர்த்தும் சின்னக் கல் குடில்கள். நிழல், சமமான பாதை, உட்கார இடம். அம்மாவுக்கு இதுதான் சரி.

மார்ச் 9, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, முக்கியமானது. 2017 ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் சென்காலோ சிகரத்தின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. எட்டு மலையேறிகள் அதில் போய்விட்டார்கள். பாறையும் சேறும் பொன்டோ கிராமம்வரை வந்தன. பொன்டாஸ்கா பக்கப் பாதைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மலையில் பாதை மூடல் பலகை இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், கயிற்றைத் தாண்டி நாலு பேர் போகிறார்கள் என்று நாமும் போகக்கூடாது. கிளம்புகிற வாரத்தில் அந்த வட்டாரத்தின் பாதை நிலவரத்தைப் பாருங்கள்.

மார்ச் 10

பஸ் அட்டவணையில் அடிக்குறிப்பைப் படியுங்கள். "பள்ளி நாட்களில் மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். கோடையில் அந்த பஸ் வராது. ஒரு நாட்டுப்புற நிறுத்தத்தில் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

மார்ச் 14

ருமேனியா பற்றி எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாகத் தயங்கினேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், உங்கள் அம்மாவுக்கு ஏற்றதா என்பதில்தான் சந்தேகம். வடக்கே மராமுரேஷ், அதில் ப்ரெப் என்கிற கிராமம்.

ஆகஸ்டில் அங்கே எல்லாரும் வயலில் இருப்பார்கள். வீட்டு முகப்பில் செதுக்கு வேலை செய்த பெரிய மரவாசல், கயிறு முறுக்கியது போலவும் சூரியன் போலவும் வடிவங்கள். வாசலைத் தாண்டினால் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் மேடு, மேடெல்லாம் புல் போர். நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, அதைச் சுற்றி அடுக்கி, மேலே கூம்பாகச் சீவி முடிக்கிறார்கள். ஒருவர் மேலே நின்று மிதித்துக்கொண்டே சுற்றுவார், கீழிருந்து இன்னொருவர் கவையால் எறிவார். போர் உயர உயர மேலே இருப்பவர் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார், கடைசியில் சறுக்கி இறங்குவார். நான் ஒரு மத்தியானம் முழுக்க வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கத் தோன்றவில்லை.

அந்த வட்டாரத்தின் மரத் தேவாலயங்கள் எட்டு 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதில் ஒன்று பக்கத்து ஊரான புதேஷ்தியில். உலகப் பட்டியலில் இருந்தும் திருவிழாக் கூட்டம் கிடையாது, எட்டும் எட்டு ஊரில் சிதறிக் கிடப்பதால் என்று நினைக்கிறேன். கூட்டம் வேண்டுமானால் ஆகஸ்ட் 15 மொய்செய் மடத்துக்குப் போகலாம், பக்தர்கள் ஊர் ஊராகக் கால்நடையாக வருவார்கள். அது சுற்றுலாக் கூட்டம் இல்லை, அவர்களுடைய விழா. தள்ளி நின்று பார்க்கலாம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் போகிறவர்களுக்கு இப்போது சுலபம். 2025 ஜனவரி 1 முதல் மற்ற ஷெங்கன் நாடுகளுடனான ருமேனியாவின் தரைவழி எல்லையில் வழக்கமான சோதனையும் நின்றுவிட்டது. ஆனால் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் என்கிற கணக்கில் இதுவும் சேரும்.

தயக்கத்துக்குக் காரணம்: மண் பாதை, உயரமான படி, பெரிய மருத்துவமனை வேண்டுமானால் நகரத்துக்குப் போக வேண்டும். அப்புறம் ஆட்டு மந்தைக் காவல் நாய்கள். மந்தையைப் பார்த்தால் நின்றுவிட வேண்டும், ஓடக்கூடாது, கம்பை ஆட்டக்கூடாது, மெதுவாகப் பேசிக்கொண்டே பெரிய வட்டமாகச் சுற்றிப் போக வேண்டும். எனக்கு அது ஒரு தடவை பதினைந்து நிமிடம் எடுத்தது. அம்மாவுடன் அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்துப் பார்க்கவே மனசு வரவில்லை.

மார்ச் 15

"நாங்களும் போனால் நாங்களும்தானே கூட்டம்?" என்று கேட்டீர்கள். நேற்று ஊர் பெயர்களை எழுதிவிட்டு எனக்கும் அதே உறுத்தல். ஹால்ஸ்டாட்டில் 2023 மே மாதம் காட்சி முனையில் மரத்தடுப்பு வைத்து மறைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்து எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் ஃபுஜிகவாகுச்சிகோவில் 2024 மே மாதம் ஃபுஜி மலை தெரிகிற இடத்தில் கறுப்பு வலைத் திரையே கட்டினார்கள். ஃபாரோ தீவுகள் 2019 ஏப்ரலில் ஒரு வார இறுதிக்கு "பராமரிப்புக்காக மூடியிருக்கிறது" என்று அறிவித்து, பாதைகளைச் சரிசெய்ய வந்த தன்னார்வலர்களை மட்டும் வரவேற்றது. எனக்கு இதில் மூன்றாவதுதான் பிடித்தது, வருகிறவரையும் வேலையில் சேர்த்துக்கொள்கிறது.

இருந்தாலும் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஒரு பஸ்ஸில் வந்து நாற்பது நிமிடம் நிற்கிற ஐம்பது பேரும், ஒரே வீட்டில் எட்டு இரவு தங்குகிற மூன்று பேரும் அந்த ஊருக்கு ஒன்றல்ல. இரண்டாவது நாளே கடைக்காரருக்கு உங்களைத் தெரிந்துவிடும். மூன்றாவது நாள் உங்களுக்கு அவர் நாயின் பெயர் தெரியும். போங்கள்.

மார்ச் 20

ஜப்பானையும் கேட்டிருந்தீர்கள், இவ்வளவு நாள் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஓபோன், முன்னோர் வழிபாட்டு நாட்கள். நாடே சொந்த ஊருக்குப் போகும், ரயிலும் விடுதியும் நிரம்பியிருக்கும். வெக்கை வேறு. அம்மாவுடன் என்றால் வேறு மாதம் பாருங்கள்.

அப்படிப் போனால் பேர்பெற்ற ஷிரகாவாகோ கிராமத்தை விட்டுவிட்டு, அதே 1995 யுனெஸ்கோ பட்டியலில் அதனுடன் சேர்ந்திருக்கும் கொகாயாமா பக்கத்து அய்னோகுரா, சுகனுமா. அதே செங்குத்தான ஓலைக் கூரை வீடுகள், சின்ன ஊர்கள். இன்னும் உள்ளே போக வேண்டுமென்றால் ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கு. அங்கே காட்டுக்கொடியால் பின்னிய தொங்குபாலம் ஒன்று, 45 மீட்டர் நீளம், மூன்று வருடத்துக்கு ஒரு தரம் புதிதாகப் பின்னுகிறார்கள். கால் வைக்கிற கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரியும், ஒரு பாதம் உள்ளே போகிற இடைவெளி. நான் பக்கத்துக் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன், உள்ளங்கையில் அதன் வரி பதிந்துவிட்டது. அதுவும் ஒரு "புள்ளி"தான், விடிந்ததும் போக வேண்டும். பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இரட்டைக் கொடிப்பாலம் இருக்கிறது, அங்கே ஆள் குறைவு.

ஏப்ரல் 2

நான்கு நாள் சோல்யோ, மூன்று நாள் சோல்சாவா, மூன்று நாள் ருமேனியா என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து. வருகிற நாள், போகிற நாள் கழித்தால் கையில் எட்டு நாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் போகும், பெட்டி கட்ட, ரயில் பிடிக்க, புது வீட்டில் வெந்நீர்க் குழாய் எது என்று கண்டுபிடிக்க. இவ்வளவையும் நான்தான் எழுதி ஆசை காட்டினேன், தப்பு என்னுடையது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றது இன்னொரு வருடம் அங்கேயேதான் இருக்கும்.

எது என்று கேட்டால், கார் ஓட்டக் கணவருக்கு விருப்பமில்லை என்றால் சோல்யோ. பரவாயில்லை என்றால் சோல்சாவா, வீடு கிடைத்துவிட்டால் காரை அங்கேயே போட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் கோடை உச்சத்தில் நாட்டுப்புற வீடுகளைப் பல இடங்களில் சனியிலிருந்து சனி வரைதான் தருவார்கள், விமானத்தை அதற்கேற்றபடி பாருங்கள். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: வாசலிலிருந்து வண்டி ஏறாமல் நடக்கப் பாதை உண்டா, அறைக்கு எத்தனை படி, ஆகஸ்டில் புல் அறுப்பு எப்போது. மூன்றாவது கேள்விக்குத் தேதி சொல்ல மாட்டார்கள், "வானம் பார்த்து" என்பார்கள். அப்படிச் சொன்னால் அது நிஜப் பண்ணை.

ஏப்ரல் 3

மறந்துவிட்டேன். உண்ணி. ஸ்லோவேனியா, ஆஸ்திரியா இரண்டிலும் உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வருகிற அபாயம் உண்டு, தடுப்பூசி இருக்கிறது, ஒரே ஊசியில் முடியாது, இடைவெளி விட்டுப் போட வேண்டும். இப்போதே மருத்துவரைப் பாருங்கள். புல்லில் நடந்து வந்த பிறகு முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதின் பின்பக்கம் தினமும் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 4

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சோல்சாவா, ஒரே வீடு, எட்டு இரவு. ரின்கா அருவிக்கு ஒரே ஒரு நாள், அதுவும் காலை ஏழு மணிக்கு. நல்லது. மூன்று நாள் மழை பெய்ததை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், ஆல்ப்ஸில் ஆகஸ்ட் சாயங்கால இடி சகஜம். நான் வெயிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

அம்மா தினமும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்காரம்மாவோடு சேர்ந்து அவரைக்காய் உரித்தார், இருவரும் அவரவர் மொழியிலேயே பேசிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி நாள் காலையில் வண்டியில் பெட்டி ஏற்றும்போது அம்மா கேட்டதையும். "துவைத்த கம்பளியைக் காயப் போட்டிருக்கிறேன், அதற்குள்ளா கிளம்புகிறோம்?"

அந்த வீட்டில் இந்த மாதக் கடைசியில் அறை இருக்குமா என்று இன்று காலை எழுதிக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் அறுப்பு எப்போது என்றும் கேட்டிருக்கிறேன்.